பழைய ஃபோர்டு வாங்கலாமா? வண்டிப் பெயரை விட்டுவிட்டு இன்ஜினைப் பாருங்கள்

ஒரே எக்கோஸ்போர்ட்டைப் பற்றி இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பதில் வரும். "ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியாச்சு, ஆயில் மாத்துனதோட சரி" என்பார் ஒருவர். "வாங்குன விலையில பாதியை மெக்கானிக்கிட்டயே கொடுத்துட்டேன்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மைதான். முன்னவரிடம் இருப்பது 1.5 லிட்டர் டீசல் மேனுவலாக இருக்கும். பின்னவர் வைத்திருப்பது பெரும்பாலும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். பின்கதவில் இருக்கும் பெயர் ஒன்று, பானெட்டுக்கு அடியில் இருப்பது வேறு வேறு வண்டி. செகண்ட் ஹேண்டில் ஃபோர்டு தேடுகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். ஃபிகோவா எக்கோஸ்போர்ட்டா என்பது அப்புறம். எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்த வருடம் என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

எது எப்போது வந்தது என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. ஃபோர்டு இந்தியாவுக்கு முதலில் வந்தது 1926-ல். 1950-களில் கடையைக் கட்டியது. 1995-ல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்து, அடுத்த வருடம் எஸ்கார்ட்டை இறக்கியது. 1998-ல் பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொண்டது. 1999-ல் மறைமலை நகர் ஆலையிலிருந்து ஐகான் வந்தது. 2005-ல் ஃபியஸ்டா, 2010-ல் ஃபிகோ, 2013 ஜூனில் எக்கோஸ்போர்ட். 2015-ல் குஜராத்தின் சானந்தில் இரண்டாவது ஆலை திறந்து, அங்கிருந்து ஆஸ்பயரும் புதிய ஃபிகோவும் வந்தன. 2016-ல் புதிய எண்டெவர், 2018-ல் ஃப்ரீஸ்டைல். பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குக் காட்டிவிட்டு, 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் மறைமலை நகரை விட்டு வெளியேறியது. தனித்தமிழ் வளர்த்த அடிகளாரின் பெயர் தாங்கிய ஊரிலிருந்து அமெரிக்கா வரைக்கும் கார் போய்க்கொண்டிருந்தது. அங்கே விற்ற எக்கோஸ்போர்ட் எல்லாம் இங்கே செய்தவைதான். இந்தத் தகவல் பின்னால் ஓரிடத்தில் தேவைப்படும்.

கம்பெனியே போய்விட்ட பிறகு வண்டி எதற்கு என்ற கேள்விக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. தேய்ந்து மாற்றும் சாமான்களில், அதாவது ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் செட், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், வீல் பேரிங், பெல்ட் போன்றவற்றில் பெரிய சிக்கல் இல்லை. ஃபோர்டின் சர்வீஸ் மையங்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும் இயங்குகின்றன. கம்பெனிக்குச் சப்ளை செய்த பாகத் தயாரிப்பாளர்களே வெளிச்சந்தையிலும் விற்கிறார்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு நடை நடந்தால் இவற்றில் பாதி கிடைத்துவிடும்.

சிரமம் தருவது வேறு வகைச் சாமான்: ஹெட்லைட், பம்பர், ஃபெண்டர், பின்கதவு, டேஷ்போர்டு பிளாஸ்டிக், ஸ்டீயரிங்கின் மின் மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டிகள், பி.எஸ்.6 (2020-ல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளின் புகைக்குழாய் சென்சார்கள். இவை தேய்ந்து போகிறவை அல்ல, இடித்தாலோ எரிந்தாலோதான் தேவைப்படும். ஆனால் தேவைப்படும் அன்று வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். புதுப்பேட்டையில் உடைத்து விற்கும் வண்டிகளிலிருந்து எடுத்துப் போடுவதுதான் பலருக்கும் வழி. எக்கோஸ்போர்ட்டின் பின்கதவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்டெப்னி வெளியே கதவில் மாட்டியிருப்பதால், பின்னால் ஒரு ஆட்டோ லேசாகத் தட்டினாலும் அடி சக்கரத்தின் வழியாகக் கதவுத் தகட்டில் இறங்கிவிடும். அதனால் எக்கோஸ்போர்ட் பார்க்கப் போகிறவர் முதலில் பின்கதவின் கீல் தொய்ந்திருக்கிறதா, இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"ஃபோர்டு திரும்ப வருது சார், விலை ஏறப் போகுது" என்று தரகர்கள் சொல்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்குப் பயன்படுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசிடம் விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் ஆண்டுக்கு 2.35 லட்சம் இன்ஜின் செய்ய ஒப்பந்தம் போட்டார்கள். உற்பத்தி 2029-ல் தொடங்கும் என்றார்கள். ஊருக்கு நல்ல செய்திதான். ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் புது இன்ஜினால் உங்கள் 2016 ஃபிகோவுக்கு ஒரு போல்ட்கூடக் கிடைக்காது.

முதலில் டீசல்

ஃபோர்டின் நல்ல பெயரைக் காப்பாற்றியது டிடிசிஐ என்று பெயர் போட்டு வந்த 1.4, 1.5 லிட்டர் டீசல்கள்தான். பிரெஞ்சு பீஜோ குழுமத்தோடு சேர்ந்து உருவாக்கிய குடும்பம் இது. எட்டு வால்வு, எளிய அமைப்பு. 1.4 இன்ஜின் பழைய ஃபியஸ்டாவிலும் முதல் தலைமுறை ஃபிகோவிலும் வந்தது. ஃபிகோவில் 69 குதிரைத்திறன். 1.5 இன்ஜின் எக்கோஸ்போர்ட்டில் 91 குதிரைத்திறனோடு தொடங்கி, 2015-ல் 100 ஆனது. அதே 100 குதிரைத்திறன், 215 நியூட்டன் மீட்டர் இன்ஜினை எடை குறைந்த ஃபிகோவிலும் ஆஸ்பயரிலும் ஃப்ரீஸ்டைலிலும் வைத்தார்கள். அந்த விலையில் அப்படி ஓடும் டீசல் ஹேட்ச்பேக் வேறு எதுவும் அன்றைக்கு இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

இதில் பிரச்சினை வரும் இடங்கள் தெரிந்தவை, பெரும்பாலும் முன்கூட்டியே கண்டுபிடிக்கக்கூடியவை. தெர்மோஸ்டாட் இருக்கும் பிளாஸ்டிக் கூடு வெப்பத்தில் விரிசல் விட்டுக் கூலன்ட்டைக் கசிய விடும். சேமிப்புக் குப்பியில் அளவு குறைந்துகொண்டே வந்தால் முதல் சந்தேகம் இங்கேதான். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய் பிளந்தால், வண்டி இழுக்காது, கறும்புகை தள்ளும், மிதிக்கும்போது 'புஸ்' என்று காற்றுச் சத்தம் வரும். இதைப் பார்த்துவிட்டு டர்போவே போச்சு என்று பில் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். குழாயைக் கழற்றி வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷர் இறுக்கம் விட்டால் எரிந்த வாயு மேலே கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கருப்பாக இறுகும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது 'சக் சக்' என்ற சத்தமும் டீசல் புகை வாசமும் அதன் அடையாளம். ஆரம்பத்தில் வாஷரை மாற்றினால் போதும். விட்டுவிட்டால் இன்ஜெக்டரே கழலாமல் ஒட்டிக்கொள்ளும்; பிடுங்கும்போது உடையும்.

வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தவறாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கையேட்டில் கிலோமீட்டர், ஆண்டு இரண்டுமே எழுதியிருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. 2014 வண்டி 60,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, பெல்ட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று விற்பவர் சொல்வார். ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் 1 லட்சம் கி.மீ. தாண்ட விடாமல், பத்து வயதைத் தாண்டிய வண்டியாக இருந்தால் ஓட்டம் எவ்வளவாக இருந்தாலும் உடனே மாற்றுவது நல்லது. பெல்ட் மட்டும் வாங்காதீர்கள். டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் மூன்றும் சேர்த்து மாற்ற வேண்டும். டீசலில் வாட்டர் பம்பைச் சுழற்றுவதே இந்தப் பெல்ட்தான். பழைய பம்ப் இறுகினால் புதுப் பெல்ட்டும் போகும், வால்வும் வளையும்.

பி.எஸ்.4 வரைக்கும் இந்த டீசலில் துகள் வடிகட்டியான டிபிஎஃப் கிடையாது. 2020-ல் வந்த பி.எஸ்.6 வண்டியில் உண்டு. ஒரே இன்ஜின், ஒரே 100 குதிரைத்திறன், ஆனால் பயன்படுத்தும் முறை தலைகீழ். வடிகட்டியில் சேரும் கரியை வண்டி தானாகவே எரிக்க வேண்டும். அதற்கு இருபது முப்பது நிமிடம் நிற்காமல், 60 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை, ஆபீஸ் என்று நான்கு கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் வண்டியில் எரிப்பு பாதியிலேயே அறுந்துபோகும். ஒவ்வொரு முறையும் எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும்! டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கும்போது மேல்கோட்டைத் தாண்டி நின்று, முகர்ந்தால் டீசல் வாசம் அடித்தால் அந்த வண்டி நகரத்துக்குள்ளேயே சுற்றியது என்று அர்த்தம். நல்லா ஆயில் ஊத்தி வெச்சிருக்காங்க என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

மாதம் 1,200 கி.மீ.க்கு மேல், அதிலும் பாதியாவது நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு 2016 முதல் 2019 வரையிலான பி.எஸ்.4 டீசல் மேனுவல்தான் இந்தக் கூட்டத்தில் முதல் தேர்வு. தினமும் செங்கல்பட்டு, வேலூர் என்று ஓடுகிறவர் பி.எஸ்.6 டீசலையும் யோசிக்கலாம். நகரத்துக்குள்ளேயே சுற்றுகிறவர் அதைத் தொட வேண்டாம்.

மலிவாக வரும் ஆட்டோமேட்டிக்

சந்தையில் ஒரு 2014 எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக் அதே வருட மேனுவலைவிடக் குறைந்த விலைக்கு வந்தால் காரணம் இதுதான். 2011 ஃபியஸ்டாவில் தொடங்கி, 2013 முதல் 2017 வரை எக்கோஸ்போர்ட் பெட்ரோலிலும், 2015-க்குப் பிந்தைய ஃபிகோ, ஆஸ்பயர் 1.5 பெட்ரோலிலும் வந்த ஆட்டோமேட்டிக் 'பவர்ஷிஃப்ட்' என்ற ஆறு கியர் இரட்டைக் கிளட்ச். உள்ளே இருப்பது மேனுவலில் இருப்பது போன்ற உலர்ந்த கிளட்ச் தட்டுகள்தான், இரண்டு செட். மிதிப்பது காலுக்குப் பதில் மின் மோட்டார். திறந்த சாலையில் சுகமாக ஓடும். கிண்டி சிக்னலில் அரை அடி, கால் அடியாக ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே தேய்ந்து சூடேறும். குளிர்விக்க ஆயில் கிடையாது. தட்டு பளபளத்துப் போய் வண்டி உதறும். உள்தண்டின் சீல் கசிந்து தட்டில் எண்ணெய் பட்டாலும் இதே உதறல்தான். இதற்கு மேல் கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பழுதாகும். அப்போது திடீரென்று ரிவர்ஸ் விழாது, அல்லது நடுரோட்டில் நியூட்ரலுக்குப் போய் நிற்கும்.

இது நம் ஊர் டிராஃபிக்கின் குற்றம் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஃபோகஸ், ஃபியஸ்டா உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். அங்கே கட்டுப்பாட்டுப் பெட்டிக்கான உத்தரவாதத்தைப் பத்து ஆண்டுக்கு நீட்டித்தார்கள். ஆஸ்திரேலியாவில் இதே கியர்பாக்ஸ் கொண்ட ஃபோகஸ், ஃபியஸ்டா, எக்கோஸ்போர்ட் உரிமையாளர்களின் புகார்களை நியாயமற்று நடத்தியதாக 2018 ஏப்ரலில் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

விற்பவர் வெறுமனே "ஆட்டோமேட்டிக்" என்றுதான் சொல்வார். வருடத்தைக் கேளுங்கள். 2017 நவம்பரில் வந்த புது முக எக்கோஸ்போர்ட்டிலிருந்து டார்க் கன்வெர்ட்டர் (உலர்ந்த கிளட்ச் தட்டுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் அமைப்பு) கொண்ட ஆறு கியர் பெட்டி. ஆஸ்பயர், ஃபிகோவில் 2018, 2019 மாற்றங்களுக்குப் பிறகு வந்த 1.5 ஆட்டோமேட்டிக்கும் அதுதான். 2021 ஜூலையில், கடை மூட இரண்டு மாதம் இருக்கும்போது வந்த 1.2 ஃபிகோ ஆட்டோமேட்டிக்கும் அந்த வகையே. பழைய வகை, நம்பகமான வகை. மைலேஜ் கொஞ்சம் குறையும், ஆனால் வண்டி உதறாது. இதன் எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாமல், 60,000 முதல் 80,000 கி.மீ.க்குள் கையேட்டில் குறித்த அதே திரவத்தால் ஒருமுறை வடித்து நிரப்புங்கள்.

இரட்டைக் கிளட்ச்சைத்தான் வாங்குவது என்று பிடிவாதமாக இருப்பவருக்கு ஒரு சோதனை. பத்து நிமிட ஓட்டத்தில் இது மாட்டாது. முக்கால் மணி நேரம் நெரிசலில் ஓட்டி நன்றாகச் சூடேற்றுங்கள். பிறகு சமதளத்தில் பிரேக்கை மட்டும் விட்டு ஊர விடுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும் இடத்தில், சுமார் 15 முதல் 25 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங்கும் சீட்டும் உதறுகிறதா என்று கவனியுங்கள். ஒரு மேம்பாலச் சரிவில் நிறுத்தி முன்னாலும், முடிந்த இடத்தில் பின்னாலும் ஏற்றுங்கள். கிளட்ச் செட், கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டும் மாற்றிய பில் இருந்து, இந்தச் சோதனையிலும் தேறினால் மட்டும் பேரம் பேசுங்கள்.

பெட்ரோலில் நான்கு சிலிண்டரா, மூன்றா?

2017 வரை எக்கோஸ்போர்ட்டில் வந்த 1.5 டிஐ-விசிடி நான்கு சிலிண்டர் பெட்ரோல், 112 குதிரைத்திறன். 2015 ஃபிகோவின் 1.2, 88 குதிரைத்திறன். இவை அலட்டலில்லாத இன்ஜின்கள். கீழ் வேகத்தில் சோம்பல், நகரத்தில் 10 முதல் 12 கி.மீ. மைலேஜ், அவ்வளவுதான் குறை. உலர்ந்த, அதாவது ஆயிலில் நனையாத டைமிங் பெல்ட். இன்றைக்கு இந்த வண்டிகளுக்கு ஒன்பது, பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டதால் பெல்ட் மாற்றிய பில் கேட்பது கட்டாயம். மாற்றும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தக் குடும்பத்து இன்ஜினில் கிராங்க் புல்லிக்குச் சாவிப் பள்ளம் கிடையாது. போல்ட்டின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. கேம் தண்டைப் பூட்டும் பட்டை, கிராங்க் நிறுத்தும் முளை ஆகிய கருவிகள் இல்லாமல், வெள்ளைப் பெயின்ட்டால் குறி போட்டுக் கழற்றும் மெக்கானிக்கிடம் கொடுத்தால் டைமிங் ஒரு பல் தள்ளிப்போகும். பழைய கிராங்க் போல்ட்டையே திரும்பப் போடக்கூடாது. ஒருமுறை இறுக்கினால் நீளும் வகை அது.

1.0 எக்கோபூஸ்ட் கதை வேறு. மூன்று சிலிண்டர், டர்போ, 125 குதிரைத்திறன். ஓட்டிப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும், வாங்கத் தூண்டும். இதன் டைமிங் பெல்ட்டும் ஆயில் பம்ப் பெல்ட்டும் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. உராய்வு குறையும், சத்தம் குறையும் என்பது நோக்கம். ஆனால் ரப்பர் ஆயிலோடு ஒத்துப்போக வேண்டும். தவறான ஆயில், தாமதமான ஆயில் மாற்றம், ஆயிலில் கலக்கும் பெட்ரோல் மூன்றும் ரப்பரை ஊற வைத்துத் துணுக்குத் துணுக்காக உதிர்க்கும். துணுக்குகள் சம்ப்புக்குள் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் ஆயில் சல்லடையை அடைக்கும். ஆயில் அழுத்தம் குறையும். முதலில் டர்போ, பிறகு பேரிங். பெல்ட் அறுவதற்கு முன்பே இன்ஜின் போய்விடலாம் என்பதுதான் இதன் கொடுமை.

அமெரிக்காவில் விற்ற 2018 முதல் 2022 வரையிலான 1.0 எக்கோஸ்போர்ட்டை 2023 டிசம்பரில் திரும்ப அழைத்தார்கள். ஃபோகஸையும் சேர்த்து ஏறத்தாழ 1.4 லட்சம் வண்டிகள், காரணம் இந்த ஆயில் பம்ப் பெல்ட்டின் டென்ஷனர். முன்னால் சொன்ன தகவல் இங்கேதான் பொருந்துகிறது: அவை நம் மறைமலை நகர் வண்டிகள்.

ஐரோப்பாவில் இந்தப் பெல்ட்டுக்கு 10 ஆண்டு அல்லது 2.4 லட்சம் கி.மீ. என்று சொன்னார்கள். கிலோமீட்டரை மறந்துவிட்டு ஆண்டைப் பிடியுங்கள். 2013, 2014 எக்கோபூஸ்ட் எல்லாம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. பெல்ட் மாற்றத்துக்கு ஆகும் கூலியும் சாமானும் வண்டியின் சந்தை விலையில் பெரும்பங்கைத் தின்னும். ஆயிலுக்கு 5டபிள்யூ-20, ஃபோர்டின் 948-பி தரம் என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். 'எந்த ஆயிலா இருந்தா என்ன' என்று 20டபிள்யூ-50 ஊற்றிய வண்டி என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

2017-க்குப் பிறகு எக்கோஸ்போர்ட்டில் வந்த 1.5 'டிராகன்', 123 குதிரைத்திறன். ஃபிகோ, ஆஸ்பயர், ஃப்ரீஸ்டைலின் 1.2 டிராகன், 96 குதிரைத்திறன். இவையும் மூன்று சிலிண்டர்தான், இவற்றிலும் பெல்ட் ஆயிலில்தான் ஓடுகிறது. ஆனால் டர்போ இல்லை. சூடும் அழுத்தமும் குறைவு, வண்டிகளுக்கு வயதும் குறைவு. எக்கோபூஸ்ட் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒழுங்காக 10,000 கி.மீ. அல்லது ஓராண்டுக்குள் சரியான ஆயில் மாற்றிய சர்வீஸ் வரலாறு முழுமையாக இருந்தால் வாங்கலாம். வரலாற்றில் இரண்டாண்டு இடைவெளி இருந்தால், கொரோனா காலத்தில் பல வண்டிகளுக்கு அப்படி நேர்ந்தது, சம்ப்பை இறக்கிச் சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் நார் ஒட்டியிருந்தால் பெல்ட் மாற்றாமல் ஓட்டக்கூடாது. ஐடிலில் கியர் லிவரும் சீட்டும் அதிர்ந்தால் முதலில் இன்ஜின் மவுண்ட்டைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் வண்டியில் அது சீக்கிரம் தளரும்.

டீசலா பெட்ரோலா என்று தடுமாறுகிறவர் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். மாதம் 1,000 கி.மீ., பெட்ரோல் எக்கோஸ்போர்ட் லிட்டருக்கு 12, டீசல் 17. பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு சுமார் 8,300, டீசலுக்கு சுமார் 5,400. மாதம் 2,900 மிச்சம். ஓட்டம் 400 கி.மீ. என்றால் மிச்சம் 1,200-க்கும் கீழே வந்துவிடும். ஒரே ஒரு இன்ஜெக்டர் வேலை வந்தால் வருடக் கணக்கு அடிபட்டுப் போகும்.

சின்ன வண்டியும் பெரிய வண்டியும்

முதல் தலைமுறை ஃபிகோ இன்றைக்கும் மலிவான நல்ல டீசல். ஒரு விஷயம் மட்டும்: 2010 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை தயாரான ஃபிகோ, கிளாசிக் (பழைய ஃபியஸ்டாவின் பின்னாள் பெயர்) கார்களில் 1,66,021-ஐ 2013 செப்டம்பரில் பின்பக்க அச்சுக்காகவும் பவர் ஸ்டீயரிங் குழாய்க்காகவும் திரும்ப அழைத்தார்கள். சேசிஸ் எண்ணைச் சொல்லி அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளின் 15 ஆண்டுப் பதிவு முடிகிற நேரம் இது. எஃப்சி, பசுமை வரி, மறுபதிவு எல்லாம் யார் செலவு என்று பேசிவிட்டுக் காசைக் கொடுங்கள்.

எண்டெவர் ஆசை வேறு ரகம். 2016-ன் 2.2, 3.2 டீசல்கள் செயின் கொண்டவை, கனமானவை. 3.2 ஐந்து சிலிண்டர், 200 குதிரைத்திறன். வெளியே சொட்டே இல்லாமல் கூலன்ட் குறைந்தால், இன்ஜினுக்குள் திரும்பப் போகும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் மாற்றும்போது வடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடக்கூடாது. இந்த இன்ஜினின் ஆயில் பம்ப் பத்து நிமிடத்துக்கு மேல் காலியாகக் கிடந்தால் ஆயிலை இழுக்கும் பிடியை இழக்கும். பிறகு ஸ்டார்ட் செய்தால் உலர்ந்தே சுற்றும். வடித்த உடனே ஃபில்டரை மாற்றிப் புது ஆயிலை ஊற்ற வேண்டும். 2020-ன் 2.0 லிட்டர், பத்து கியர் எண்டெவரில் பெல்ட் மறுபடி ஆயிலுக்குள் போய்விட்டது. மேலே சொன்ன ஆயில் ஒழுக்கம் அதற்கும் உண்டு.

பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள், வண்டியைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டியின் கணினியைப் படிக்கச் செருகும் ஓபிடி அடாப்டர் ஒன்று வாங்கி ஃபோர்ஸ்கேன் செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டால், ஃபோர்டு வண்டிகளுக்கு மற்ற செயலிகள் காட்டாத கியர்பாக்ஸ், ஏர்பேக், ஸ்டீயரிங் கோளாறுக் குறியீடுகளும் பி.எஸ்.6 டீசலின் கரி அளவும் தெரியும். கோளாறுகளை அன்று காலையில்தான் அழித்திருக்கிறார்கள் என்றால், 30 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி படித்தால் அவற்றில் பல திரும்பி வந்திருக்கும். வேகத்தடையில் முன்பக்கம் 'டொக்' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது லோயர் ஆர்ம் புஷ். அது பேரத்துக்கான சாமான், வண்டியை ஒதுக்கக் காரணம் அல்ல. ஸ்டீயரிங் திடீரென்று கனத்தாலோ எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ அது பெரிய செலவு.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டையும் மனதில் வையுங்கள். சீட்டின் தண்டவாளத்தில் துரு, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடியில் சேற்றுக் கோடு, கிளவ்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூத்த முனைகள் இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். டெல்லிப் பதிவு டீசல்கள் அங்கே பத்தாண்டுத் தடை வந்த பிறகு இங்கே குவிந்தன. என்ஓசி, தமிழ்நாட்டுச் சாலை வரி, மறுபதிவுச் செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தால் உள்ளூர் வண்டியோடு பெரிய வித்தியாசம் இருக்காது.

எல்லாம் பார்த்த பிறகு, ஒரே விலையில் நான்கு எக்கோஸ்போர்ட் நின்றால் வரிசை இப்படி இருக்கட்டும். ஓட்டம் அதிகமென்றால் 2016–19 டீசல் மேனுவல். நகரத்துக்குள் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் 2018-க்குப் பிந்தைய டிராகன் டார்க் கன்வெர்ட்டர், முழு சர்வீஸ் வரலாற்றோடு. ஓட்டமும் குறைவு, கையில் பணமும் குறைவு என்றால் 2015–17 நான்கு சிலிண்டர் பெட்ரோல் மேனுவல், பெல்ட் செலவை விலையில் கழித்துக்கொண்டு. எக்கோபூஸ்ட், பெல்ட் மாற்றிய பில்லை நீட்டினால் மட்டும். இரட்டைக் கிளட்ச் இந்த வரிசையிலேயே இல்லை.

வாங்கிய வாரத்திலேயே ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசலானால் டீசல் ஃபில்டரும், கூலன்ட், பிரேக் ஆயில் அத்தனையையும் மாற்றி, மாற்றிய கிலோமீட்டரை பானெட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். இன்ஷூரன்ஸில் தேய்மானம் கழிக்காத பாலிசி அந்த வயது வண்டிக்குக் கிடைத்தால் எடுங்கள். ஒரு ஹெட்லைட், ஒரு பின்விளக்கு புதுப்பேட்டையில் நல்ல நிலையில் கண்ணில் பட்டால், தேவை வரும்வரை காத்திருக்காமல் வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள்.